பாக்கெட்தான் சூது, கட்டு கணக்கு

மன்னார்புரத்துக் குடியிருப்புகளில் பிள்ளைகள் போகிமான் கார்டு பாக்கெட் வாங்கிப் பிரிப்பதை யாரும் தடுப்பதில்லை. பத்து இருபது ரூபாய்தானே, போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தவும், மார்க் நன்றாக வாங்கியதற்குப் பரிசாகவும் அப்பாக்களே வாங்கித் தருகிறார்கள். ஆனால் அதே பிள்ளை அறுபது கார்டை எண்ணி அடுக்கி, எதிரே இன்னொருவனை உட்காரவைத்து, யோசித்து ஒரு மணி நேரம் ஆடினால் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வருகிறது: “என்னடா, சீட்டு விளையாடுறியா?”

இதை நான் தலைகீழான ஒழுக்கம் என்கிறேன். சூதாட்டம் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே காசு கொடுத்து அனுப்புகிறோம். சிந்தனை எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே அதட்டுகிறோம்.

இப்படி அதட்டுபவர்கள் படிக்காதவர்கள் இல்லை. பொறியாளர்கள், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் வாதம் இதுதான்: கார்டு கலைத்துப் போடப்படுகிறது, கையில் எது வருகிறதோ அதை வைத்து ஆடுகிறார்கள், ஆகவே ஜெயிப்பது அதிர்ஷ்டம். அதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறார்கள்: விலை உயர்ந்த கார்டை யார் வாங்குகிறானோ அவன்தான் ஜெயிப்பான், பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு. இன்னும் கொஞ்சம் விஷயம் தெரிந்த இளைஞர்கள் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: எல்லாம் நெட்டில் இருக்கிறது, பார்த்துக் காப்பியடித்துக் கார்டுக் கட்டை அமைக்கிறார்கள், இதில் என்ன திறமை?

முதல் வாதத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. இணைய ரம்மி தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது என்பதை நாம் எல்லோரும் கண்டோம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதனாலேயே அதைச் சரியான இலக்கின் மேல் திருப்ப வேண்டும் என்கிறேன்.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் பணம் வைத்து ரம்மி ஆடியதாகப் பிடிபட்ட வழக்கில், 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்று சொன்னது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் திறமை என்பது அதன் காரணம். மூன்று சீட்டு ஆட்டத்தை அது இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் பிற்காலத்தில் ரம்மிச் செயலிகள் வளர்ந்தன. தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடையை அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இணைய ரம்மி பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெருமளவு ஏற்றுக்கொண்ட அதே நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்ததை 2023 நவம்பரில் ஏற்கவில்லை. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தப் பழைய கேள்வியையே ஒதுக்கி வைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் என்றால் தடை. பணயம் இல்லாத இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம்.

அந்தச் சட்டத்தின் மற்ற விவரங்களில் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், இந்த ஒரு பிரிப்பு சரியானது. திறமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, பணயம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ரம்மி நிறுவனங்கள் முதல் கேள்விக்கான பதிலைக் காட்டி இரண்டாவதிலிருந்து தப்பித்தன. நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டாவது கேள்விக்கான பயத்தை வைத்து முதல் கேள்வியைக் கேட்காமலேயே தீர்ப்புச் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் செய்யும் தவறு ஒன்றே.

இன்று நாற்பதை ஒட்டிய வயதில் இருப்பவர்களுக்குக் கார்டு என்றால் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று ஒன்றைச் சொல்லி, எண் பெரிதாக இருந்தால் எதிராளியின் கார்டைப் பிடுங்கிக்கொள்ளும் ஆட்டம். அதற்கும் முந்தைய தலைமுறைக்குச் சீட்டு என்றால் தெருமுனை மங்காத்தா, உள்ளே வெளியே. இரண்டிலுமே சீட்டுக்கட்டை ஆடுபவன் அமைப்பதில்லை; அடுத்து என்ன விழும் என்பதில் அவனுக்குப் பங்கே கிடையாது. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு 1993க்குப் பிந்தைய ஓர் ஆட்டத்தை எடைபோடுகிறார்கள். அந்த ஆண்டுதான் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் ‘மேஜிக்: த கேதரிங்’ ஆட்டத்தை வெளியிட்டார். அவர் சேர்மானவியலில் முனைவர் பட்டம் பெற்ற கணிதக்காரர். அவர் செய்த புதுமை, கட்டை ஆடுபவன் கையில் கொடுத்தது. ஆயிரக்கணக்கான கார்டுகளில் எந்த அறுபது, ஒவ்வொன்றும் எத்தனை பிரதி என்பதை நீயே முடிவு செய். ஆட்டம் மேஜையில் உட்காரும் முன்பே தொடங்கிவிடுகிறது.

மன்னார்புரத்துப் பிள்ளைகள் கையில் இருப்பது போகிமான் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கட்டில் சரியாக 60 கார்டு. தாக்கத் தேவையான அடிப்படை எனர்ஜி கார்டு தவிர ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் கூடாது. தொடக்கத்தில் ஏழு கார்டு எடுக்க வேண்டும். அதில் ஓர் அடிப்படைப் போகிமானாவது, அதாவது நேரடியாகக் களமிறக்கக்கூடிய ஒன்றாவது, இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைத்து எடுக்க வேண்டும். அப்படி ஒவ்வொரு முறை கலைக்கும்போதும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏழு கார்டு வாய்ப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த வாய்ப்பின் அளவை யார் நிர்ணயிக்கிறார்கள்? கட்டில் அடிப்படைப் போகிமான் 8 வைத்தால் முதல் கை வீணாகும் வாய்ப்பு ஏறத்தாழ 35 சதவீதம். 12 வைத்தால் 19. வெறும் 4 வைத்தால் 60. நாலு கார்டைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆடுபவனின் முடிவு. கூட்டினால் அந்த நாலு இடம் வேறு எதிலிருந்தோ போகிறது: கார்டு எடுக்க உதவும் டிரெய்னரிலிருந்தா, எனர்ஜியிலிருந்தா? அங்கேயும் ஒரு விலை இருக்கிறது. ஒரு கார்டை நாலு பிரதி வைத்தால் முதல் ஏழில் அது வரும் வாய்ப்பு 40 சதவீதம். மூன்று வைத்தால் சுமார் 32. இரண்டு வைத்தால் 22. ஒன்றே ஒன்று என்றால் 12க்கும் கீழே. மேஜிக்கில் 60க்கு மேல் எத்தனை கார்டு வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனாலும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் 60ஐத் தாண்டுவது அபூர்வம். 70 ஆக்கினால் அந்த 40 சதவீதம் 35க்கு இறங்கிவிடும். ஆசைப்பட்டுச் சேர்க்கும் ஒவ்வொரு கார்டும் கட்டிலுள்ள நல்ல கார்டைக் கீழே தள்ளுகிறது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பையன் இங்கே கணக்குப் போட்டுக் கற்றுக்கொள்கிறான்.

இனி மேஜைக்கு வருவோம். ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தன் கட்டிலிருந்து ஆறு கார்டை முகம் பார்க்காமல் ஒதுக்கி வைக்கிறார்கள். இவை பிரைஸ் கார்டுகள். எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போது ஒன்றோ இரண்டோ, சில சமயம் மூன்றோ எடுத்துக்கொள்ளலாம். ஆறும் தீர்ந்தால் வெற்றி. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கட்டில் ஒரே பிரதியாக வைத்த கார்டு அந்த ஆறில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு பத்தில் ஒன்று. நல்ல ஆட்டக்காரன் என்ன செய்கிறான்? ஆட்டத்தில் முதல் முறையாகக் கட்டிலிருந்து ஒரு கார்டைத் தேடி எடுக்கும் வாய்ப்புக் கிடைத்ததும், தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுவதில்லை. கட்டு முழுவதையும் ஒருமுறை பார்க்கிறான். தன் 60 கார்டும் அவனுக்கு மனப்பாடம். கையில் இருப்பவற்றையும் மேஜையில் இருப்பவற்றையும் கட்டில் தெரிபவற்றையும் கழித்தால் மிச்சம் ஆறு. கண்ணால் பார்க்காத ஆறு கார்டுகளின் பெயரையும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகளில் கண்டுபிடித்துவிடுகிறான். 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியில் கண்டு மெச்சிய நினைவாற்றலைவிட இது கடினமானது. நம் பிள்ளைகள் இதைச் செய்யும்போது அதைப் பார்க்கக்கூட நமக்குத் தெரியவில்லை.

யாரை எப்போது அடிப்பது என்பது இன்னும் நுட்பமான கேள்வி. சாரிஸார்ட் இ.எக்ஸ் என்ற கார்டு 2023இல் வந்தது. அதன் தாக்குதல் 180. எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸுக்கும் 30 கூடும். அதாவது பின்தங்கப் பின்தங்க வலுக்கும் கார்டு. அதை எதிர்ப்பவன் அவசரப்பட்டுப் பிரைஸ் எடுத்தால் தன் தலையிலேயே சுமை ஏற்றிக்கொள்கிறான். அயோனோ என்று இன்னொரு கார்டு. அதை ஆடினால் இருவரும் கையிலிருப்பதைக் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, தமக்கு எத்தனை பிரைஸ் பாக்கியோ அத்தனை கார்டு மட்டும் எடுக்க வேண்டும். ஒரே பிரைஸ் பாக்கி வைத்து வெற்றியின் வாசலில் நிற்பவனுக்கு ஒரே ஒரு கார்டு. முன்னே ஓடுபவனுக்கு எப்போது நிதானிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பிரைஸ் தரும் போகிமான்களையே எதிராளி வீழ்த்திக்கொண்டிருந்தால் மூன்று அடியில் ஆட்டம் முடிந்துவிடும். இடையே ஒரு பிரைஸ் மட்டும் தரும் சின்னப் போகிமானைக் குறுக்கே நிறுத்தினால் நான்கு அடி வேண்டும். அந்த ஒரு முறை கூடுதலாகக் கிடைப்பதில்தான் பல ஆட்டங்கள் திரும்புகின்றன.

1999இல் மைக்கேல் ஃப்ளோரஸ் என்ற மேஜிக் ஆட்டக்காரர் எழுதிய ஒரு கட்டுரையை இந்தத் துறையில் இன்றும் படிக்கச் சொல்கிறார்கள். ஒரே மாதிரிக் கட்டு இரண்டு மோதும்போதுகூட ஒருவர் தாக்குபவர், மற்றவர் தாங்குபவர். தான் யார் என்பதைத் தவறாகப் புரிந்துகொள்பவர் தோற்பார் என்பது அதன் சாரம். அதிர்ஷ்ட ஆட்டத்துக்கு இப்படி ஒரு சிந்தனை மரபு உருவாகாது. மங்காத்தாவுக்கு யாரும் தத்துவம் எழுதவில்லை.

இரண்டாவது வாதம், பணம். இதில் ஒரு பாதி உண்மை. மேஜிக்கின் பழைய வகைப் போட்டிகளுக்கான கார்டுகள் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதவை. ஆனால் விலைக்கும் வலுவுக்கும் உள்ள தொடர்பை நம்மவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்க யூடியூபர் லோகன் பால் 52.75 லட்சம் டாலருக்கு வாங்கிய பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர் கார்டைப் பற்றிப் பிள்ளைகள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கார்டை வைத்து ஒரு தாக்குதல்கூடச் செய்ய முடியாது. அது ஒரு ஓவியப் போட்டிப் பரிசு. கடையில் தேடப்படும் பளபளப்பான சாரிஸார்டும் சாதாரண அச்சில் வரும் சாரிஸார்டும் மேஜையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. விலை சேகரிப்பவனுக்கானது, ஆடுபவன் மலிவான அச்சையே வாங்குகிறான்.

2024இல் ஹோனலூலுவில் நடந்த உலகப் போட்டியில் சிலி நாட்டு ஃபெர்னாண்டோ சிஃபுவென்டெஸ் பட்டம் வென்றது அயர்ன் தார்ன்ஸ் இ.எக்ஸ் என்ற கார்டை நம்பிய கட்டால். யாரும் ஏங்கித் தேடிய கார்டு அல்ல அது. அந்த வகைக் கட்டில் போகிமான் நான்கே நான்கு. மேலே சொன்ன கணக்குப்படி முதல் கை வீணாகும் வாய்ப்பு 60 சதவீதம். எதிராளிக்கு இலவசமாகக் கார்டு கொடுத்துக்கொண்டே தொடங்கும் கட்டு. தெரிந்தே அந்த விலையைக் கொடுத்தார். ஏனென்றால் அயர்ன் தார்ன்ஸ் முன்னால் நிற்கும்வரை இ.எக்ஸ் போன்ற பெரிய போகிமான்களின் சிறப்புத் திறன்கள் செல்லாது. அந்த ஆண்டு களத்தை நிறைத்திருந்த கட்டுகளில் பெரும்பாலானவை அத்திறன்களைத்தான் நம்பியிருந்தன. எதிராளிகள் என்ன கொண்டுவருவார்கள் என்று ஊகித்து, அவர்கள் கட்டின் முதுகெலும்பைக் குறிவைத்து அடித்த அடி அது.

காப்பி வாதத்துக்கும் இதுவே பதில். கட்டுப் பட்டியல்கள் எல்லோருக்கும் தெரியும் என்பது உண்மை. எல்லோருக்கும் தெரிந்ததால்தான் எதைக் கொண்டுபோவது என்ற கேள்வியே பிறக்கிறது. போன வாரம் ஜெயித்த கட்டை அப்படியே நகலெடுத்துப் போகிறவன், அந்தக் கட்டை உடைக்கத் தயாராக வந்திருக்கும் நூறு பேரைச் சந்திக்கிறான். சதுரங்கத்தில் ரூய் லோபஸ் என்ற பாதிரியார் 1561இல் புத்தகமாக எழுதிய திறப்பை இன்றும் ஆடுகிறார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது, புத்தகத்தில் உள்ள முதல் பதினைந்து நகர்வை ஆடிய யாரையும் காப்பியடித்தான் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளைச் செஸ் கிளாஸுக்கு அனுப்பும் அதே பெற்றோர் கார்டு ஆட்டத்துக்கு வேறு அளவுகோல் எடுக்க என்ன காரணம்? இரண்டிலும் ஒரே அளவு வெற்றி பெற்றவர்களை மோதவிடும் ஸ்விஸ் முறையில்தான் இணை சேர்க்கிறார்கள். கார்டு ஆட்டத்தில் ஒரு படி மேலே போய், பெரிய போட்டிகளில் மூன்றுக்கு இரண்டு என்று ஆடவைத்து வாய்ப்பின் பங்கை இன்னும் குறைக்கிறார்கள். நம் நாட்டுக்கு இதில் முகமும் உண்டு: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக நடந்த ஹார்த்ஸ்டோன் கார்டு ஆட்டத்தில் குஜராத்தின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார்.

அப்படியானால் சூது எங்கே இருக்கிறது? பாக்கெட்டில். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுக்கிறோம். பெரும்பாலும் ஒன்றுமில்லாதது வருகிறது, எப்போதாவது ஒரு பளபளப்பு வருகிறது, அந்த எப்போதாவதுக்காக அடுத்த பாக்கெட் வாங்குகிறோம். இதில் ஆடுபவன் எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லை. பணம் வைக்கிறான், வாய்ப்பு முடிவு செய்கிறது. சூதுக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடையாது. பெட்டிக்கடைகளில் தொங்கும் போலிப் பாக்கெட்டுகள் இன்னும் கொடுமை. அந்தத் தங்கநிறக் கார்டுகளை எந்தப் போட்டியிலும் ஆட முடியாது, பிரிப்பதைத் தவிர அவற்றுக்குப் பயனே இல்லை. கார்டு ஆட்டத்துக்கு எதிராகத் திருக்குறளின் சூது அதிகாரத்தைத் துணைக்கு அழைப்பவர்கள் அதன் முதல் குறளை மறுபடி படிக்கட்டும். வள்ளுவர் அங்கே எச்சரிப்பது மீன் விழுங்கும் தூண்டில் இரும்பைப் பற்றி. அந்த இரும்பு பளபளக்கும் கார்டின் உருவத்தில் நம் தெருக்கடையில் தொங்குகிறது.

நான் மட்டும் இதைச் சொல்லவில்லை. காசு கொடுத்து அதிர்ஷ்டப் பெட்டி திறக்கும் வீடியோ கேம்களைப் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. மேஜிக்கை உருவாக்கிய கார்ஃபீல்டே 2016இல் ஒரு பகிரங்க அறிக்கை எழுதி, அடிமைப்படும் சிலரின் பலவீனத்தைச் சுரண்டி வரம்பில்லாமல் பணம் பறிக்கும் ஆட்டங்களைக் கண்டித்தார். பாக்கெட் இல்லாமல் ஆட்டம் உயிர்வாழாது என்பவர்களுக்கு நெட்ரன்னரைக் காட்டுவேன். 1996இல் கார்ஃபீல்ட் வடிவமைத்த அந்த ஆட்டம் வழக்கமான குலுக்கல் பாக்கெட்டுகளில் வந்தது. 2012இல் வேறொரு நிறுவனம் அதை மறுபடி கொண்டுவந்தபோது, பெட்டிக்குள் என்னென்ன கார்டு என்பதை முன்பே சொல்லி விற்றது. கட்டு அமைப்பதும் எதிராளியை ஊகிப்பதும் ஏமாற்றுவதும் அப்படியே இருந்தன. குலுக்கல் மட்டும் போனது. ஆட்டம் முன்னைவிடப் பெரிய புகழ் பெற்றது. சூதைக் கழித்த பிறகும் ஆட்டம் முழுதாக மிஞ்சுகிறது என்றால், இரண்டும் ஒன்று என்ற வாதம் எதன் மேல் நிற்கிறது?

கடைசியாகப் படிப்பு கெட்டுவிடும் என்பார்கள். நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவுப் பாடத்தை எடுத்துப் பாருங்கள். 52 சீட்டு உள்ள கட்டைக் கலைத்து ஒன்றை எடுத்தால் அது ராஜாவாக இருக்க என்ன வாய்ப்பு என்று கேட்கிறது. சீட்டையே கையில் தொடாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸ்பேடு எது, ஹார்ட் எது என்று அதே புத்தகம் விளக்கமும் தர வேண்டியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் சேர்மானவியல் பாடமும் உண்டு. முதல் கை வீணாகும் வாய்ப்பு 35 சதவீதம் என்று நான் மேலே சொன்னதற்கு அந்தப் பாடத்தின் சூத்திரமே போதும். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் ஆயிரம். அதன் விடை தன் கட்டை மாற்றும் என்பதற்காகத் தானாகவே உட்கார்ந்து போடுகிற பிள்ளையை அதட்டி எழுப்புகிறோம்.

பெற்றோர்களிடம் நான் கேட்பது கடினமானது அல்ல. பாக்கெட்டை நிறுத்துங்கள். உண்மையான தொடக்கக் கட்டு ஒன்று, உள்ளே இருப்பது என்ன என்று அட்டையிலேயே எழுதியிருப்பதாகப் பார்த்து, இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து வாங்குங்கள். மீதிக் கார்டுகளை வெள்ளைத் தாளில் அச்சடித்துப் பழைய கார்டின் மேல் உறைக்குள் செருகினால் வீட்டுப் பழக்கத்துக்குப் போதும். அதிகாரப்பூர்வப் போட்டியில்தான் அது செல்லாது. பணமோ கார்டோ பணயம் வைக்கக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். செஸ் நடத்தும் அதே குடியிருப்புச் சங்கக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரை உட்காரவையுங்கள். ஸ்விஸ் முறையில் மூன்று சுற்று, ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் தோற்ற பிள்ளையிடம், “கட்டில் அடிப்படைப் போகிமான் எத்தனை வெச்சிருந்தே?” என்று கேளுங்கள். எட்டு என்றால், இன்னும் நாலு சேர்க்க எதை எடுப்பாய் என்று அடுத்துக் கேளுங்கள்.